பட்டிக்கு அணியில் இடம் உண்டா?

கூடைப்பந்தில் ஆள் எடுக்கும்போது முதலில் பார்ப்பது உயரத்தை. கோல்டன் ரெட்ரீவர் ஆண் நாய் தோள்வரை சுமார் 60 செ.மீ.தான் இருக்கும். வளையமோ 3.05 மீட்டரில். ஆனாலும் 1997இல் டிஸ்னி வெளியிட்ட 'ஏர் பட்' படத்தில், பட்டி என்கிற நாய் பள்ளி அணிக்கு ஆடுகிறது; புள்ளியும் எடுக்கிறது. சார்லஸ் மார்ட்டின் ஸ்மித் இயக்கிய இந்தக் குடும்பச் சிரிப்புப் படத்தை விளையாட்டுக் கண்ணோடு ஒருமுறை பார்ப்போம்.

கதை எளிது. கோமாளி வேடக்காரன் ஒருவனிடம் அடிபட்ட பட்டி, தந்தையை இழந்து புது ஊருக்கு வந்த ஜாஷ் என்ற சிறுவனிடம் வந்து சேர்கிறது. ஜாஷ் ஆடும் பள்ளி அணியின் ஆட்டத்தின் நடுவே மைதானத்துக்குள் புகுந்து அமர்க்களம் செய்த நாய், இறுதிப் போட்டியில் ஆள் பற்றாக்குறையால் சீருடையும் காலணியும் மாட்டிக்கொண்டு களமிறங்குகிறது.

பட்டியின் பலம் ஒன்றே ஒன்று: பாஸ் வந்ததும் ஷாட். பந்து தன்னை நோக்கி வரும்வரை அதன் கண் அசைவதில்லை. சரியான நொடியில் துள்ளி, மூஞ்சியால் பந்தை மேலே தள்ளுகிறது. கூடைப்பந்தின் விட்டம் ஏறத்தாழ 24 செ.மீ. நாயின் வாய்க்குள் அது அடங்காது. கவ்வப் பாயும் வேகம் முழுவதும் பந்தை மேலே எழுப்பப் பயன்படுகிறது. இது கேமரா வித்தையல்ல. பட்டியாக நடித்தது, கெவின் டி சிக்கோ என்பவர் 1989இல் கண்டெடுத்து வளர்த்த, ஆதரவின்றித் திரிந்த நாய்; அவர் பழக்கிப் பழக்கி அது பெற்ற திறமை இது.

பலவீனங்களோ நீளும். டிரிப்ளிங் கிடையாது. கையை உயர்த்தி எதிராளியின் ஷாட்டை மறைக்க முடியாது. பாஸ் கொஞ்சம் விலகி வந்தாலும் ஷாட் போச்சு. அதனால் பட்டி அருமையாக ஆடியது என்றால், பாதிப் பெருமை பந்தை அளந்து போட்டவருக்குச் சேரும். முழு ஆட்டத்துக்கு இது தாங்காது. கடைசி நிமிடங்களில் இறக்கும் மாற்று வீரனுக்குத்தான் சரி.

நாய் ஆடக்கூடாது என்று விதி எதுவும் இல்லை எனப் படத்தின் நடுவர் தீர்ப்பளிக்கிறார். அரங்கம் ஆர்ப்பரிக்கிறது. அமெரிக்கப் பள்ளி ஆட்டம் என்பதால் தப்பித்தார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். சர்வதேசக் கூடைப்பந்துக் கூட்டமைப்பின் விதியில், பந்தைக் கையால் மட்டுமே ஆட வேண்டும் என்று தெளிவாகவே இருக்கிறது. அங்கே பட்டியின் முதல் ஷாட்டுக்கே விசில் ஊதியிருப்பார்கள்.

அசல் பட்டி 1998 தொடக்கத்தில் இறந்துபோனது. அதன் பிறகும் வேறு நாய்களை வைத்து அமெரிக்கக் கால்பந்து, கால்பந்து, பேஸ்பால், கடற்கரைக் கைப்பந்து என்று வரிசையாகப் படம் எடுத்தார்கள். விளையாட்டு மாறியதே தவிர, முதல் படத்தின் வியப்பு திரும்பவில்லை. அங்கே நாய்க்கு நிஜமாகவே ஒரு திறமை இருந்தது; அதைச் சுற்றிக் கதை பின்னினார்கள். பின்னால் வந்தவற்றில் கதையை எழுதிவிட்டு நாயைத் தேடினார்கள்.

தீர்ப்பு: விதிப்புத்தகப்படி பட்டிக்குத் தடை. குழந்தைகளோடு உட்கார்ந்து பார்க்கும் விடுமுறை நாளில், முதல் ஐவரில் இடம் உறுதி.