கூடத்தில் கட்டிய அலமாரியும் அடைபட்ட காற்றும்

சுபாங் ஜெயாவில் விற்பனைக்கு வரும் ஸ்டூடியோ, சோஹோ (வீடும் அலுவலகமும் ஒன்றான) மாதிரி வீடுகள் பார்க்க நன்றாகத்தான் இருக்கின்றன. கட்டிலுக்கு அடியில் இழுப்பறைகள், கூரைவரை அலமாரி, தள்ளு கதவு, சுவரோடு மடியும் மேசை. இவற்றில் பாதி உண்மையிலேயே நல்ல யோசனை. தள்ளு கதவு வந்தால் கதவு திறக்க வேண்டிய இடம் மிச்சம். பயணப் பெட்டியும் தீபாவளிப் பாத்திரமும் மேல்தட்டுக்குப் போனால் கீழே நடமாடலாம். மீதிப் பாதிதான் என்னை உறுத்துகிறது. குடியிருப்பவர் ஒரே ஆள், அவர் சமைக்கமாட்டார், அவரைத் தேடி உறவினர் வரமாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டு செய்தது அது.

உலகமே கொண்டாடிய ஹாங்காங் வீட்டையே பாருங்கள். கட்டடக் கலைஞர் கேரி சாங் தம் 32 சதுர மீட்டர் வீட்டை, நகரும் சுவர்களைக் கொண்டு 24 விதமாக மாறும்படி 2007இல் அமைத்தார். அபாரமான வேலை. ஆனால் அதே வீட்டில்தான் அவர் இளம்வயதில் பெற்றோரோடும் மூன்று தங்கைகளோடும் இருந்தார். ஓர் அறை வாடகைக்கும் விடப்பட்டிருந்தது. சுவர்கள் நகரத் தொடங்கியது, அங்கே அவர் தனியாளான பிறகு. கூடத்தில் பாட்டி படுத்திருக்க, பேரன் பாடம் படிக்கும் வீட்டில் எந்தச் சுவரை எந்த நேரத்தில் நகர்த்துவது?

சமையலறைக்கு வருவோம். மார்கரெட் ஷூட்டே லிஹோட்ஸ்கி 1926இல் வடிவமைத்த பிராங்க்பர்ட் சமையலறை ஏறத்தாழ 1.9க்கு 3.4 மீட்டர்தான். ஆனால் அதற்குச் சன்னல் இருந்தது. அதற்கும் கூடத்துக்கும் நடுவே தள்ளு கதவும் இருந்தது. இன்றைய ஸ்டூடியோவில் அடுப்பும் கட்டிலும் ஒரே அறையில். கடுகு, காய்ந்த மிளகாய் தாளித்த நெடி தலையணை உறைவரை ஏறுகிறது. கருவாடு பொரிப்பதை மறந்துவிட வேண்டியதுதான்.

இதைவிடப் பெரிய குறை காற்றில் இருக்கிறது. மலேசியாவின் 1984ஆம் ஆண்டுக் கட்டட விதிகள், வாழும் அறையின் தரைப்பரப்பில் குறைந்தது 10 விழுக்காடு சன்னலாகவும், 5 விழுக்காடு காற்று புகும் திறப்பாகவும் இருக்கக் கேட்கின்றன. 11 சதுர மீட்டர் அறைக்கு 1.1 சதுர மீட்டர் சன்னல். சாவி கைக்கு வந்ததும் அந்தச் சன்னலில் பாதியை மறைத்து அலமாரி எழும்புகிறது. நம் ஈரக்காற்றில் அதன் பின்பக்கம் பூஞ்சணம் பிடிக்கும்; மரத்தூள் பலகை ஊதிப் பிளக்கும். சுவரோடு அறைந்ததை வாடகைக்காரர் கழற்றிக்கொண்டு போகவும் முடியாது.

1976இல் நகராக மாறத் தொடங்குமுன் இந்தச் சுபாங் ஜெயா மண் சீஃபீல்ட் தோட்டம். தோட்டத் தொழிலாளர்களின் லயன் வீடுகளும் சிறியவைதான்; அந்த வறுமையை நான் அழகென்று சொல்லமாட்டேன். ஆனாலும் முன்னால் அஞ்சடி என்ற தாழ்வாரம் இருந்தது. துணி காய்வதும் விருந்தாளி உட்காருவதும் அங்கேதான். அடுக்குமாடியில் அஞ்சடியின் வேலையைச் செய்வது பால்கனியும் பின்பக்க யார்டும். அவற்றையும் கண்ணாடியடைத்து அறையாக்குவதைத் திறமை என்று விற்கிறார்கள்.

இதன் கடைசிக் கட்டம் மாணவர் வாடகை வீடுகள். கூடத்தைப் பலகையால் இரண்டாகத் தடுத்தால் உள்ளே அமையும் அறைக்குச் சன்னலே கிடையாது. தீப்பிடித்தால் வெளியேற ஒரே வழி. கட்டட வரைபடத்தோடு மாநகர் மன்றத்தின் கண்காணிப்பு முடிந்துவிடக் கூடாது. ஆள் குடியேறிய பிறகும் இந்தத் தடுப்புகளைச் சோதித்து அகற்ற வேண்டும்.