தடித்த மெத்தை

கிரேட் டேன் நாயின் முழங்கையைப் பாருங்கள். மயிர் உதிர்ந்து தோல் காய்த்துப்போயிருந்தால், அது வெறுந்தரையில் படுத்தே நாளைக் கழித்திருக்கிறது. படுக்கும்போது 50, 60 கிலோ உடலின் பாரம் அந்த மூட்டிலும் அழுந்தும். இந்த நாயைக் குட்டியாக ஆசைப்பட்டு வாங்கியவர்கள், அது கட்டிலை நிறைக்க வளர்ந்ததும் கைவிடுகிறார்கள். சென்னை அடுக்குமாடிகளில் இது நடக்கிறது.

அப்படிக் கைவிடப்பட்ட நாயைத் தன் வீட்டில் சில வாரம் வைத்துத் தேற்றும் தன்னார்வலரின் பக்குவம் எனக்குப் பெரிய கலையாகத் தெரிகிறது. முதலில் தடித்த மெத்தை விரிப்பார். விலா எலும்பு தெரிகிறதே என்று ஒரே வேளையில் கொட்டமாட்டார். ஆழ்ந்த மார்புள்ள இந்த இனத்துக்கு வயிறு உப்பி முறுக்கிக்கொண்டால் சில மணி நேரத்தில் உயிரே போகலாம். அதனால் உணவைப் பிரித்துப் பிரித்து வைப்பார், தின்றபின் ஓடவிடமாட்டார். படியேறத் தயங்குகிறதா, குழந்தையைக் கண்டால் ஒதுங்குகிறதா, தனியே விட்டால் கதவைப் பிறாண்டுகிறதா என்று நாள்தோறும் குறித்துவைப்பார். புது வீட்டுக்கு அந்தக் குறிப்பைவிட நல்ல சீதனம் கிடையாது.

அப்புறம், மடியில் தலைவைத்துத் தூங்கப் பழகிய உயிரைக் கொடுத்தனுப்ப வேண்டும். அதைச் செய்துவிட்டு, அதே மெத்தையைத் துவைத்து அடுத்த நாய்க்கு விரிக்கிறார்களே!

இந்த இனத்துக்கு ஆயுளே பெரும்பாலும் 7 முதல் 10 ஆண்டுதான்; கைவிடப்பட்ட நாய்க்குக் காத்திருக்க நேரமில்லை. குட்டி தேடுகிறவர்களே, முதலில் இந்தத் தன்னார்வலர்கள் வீட்டுக் கதவைத் தட்டுங்கள்.