குலசேகரன்பட்டினம்: புகையும் கணக்கும்

விண்வெளியை எட்டும் முயற்சி மனித அறிவின் பெருஞ்சாதனைகளுள் ஒன்று என்பதில் முற்போக்காளரிடையே கருத்து வேறுபாடு இருத்தற்கில்லை. செய்மதி தரும் செய்தியைக் கொண்டே இன்று கடற்றொழிலாளர் புயலின் வரவை அறிந்து கரை திரும்புகின்றனர். ஆயினும் விஞ்ஞானத்தை வரவேற்பது வேறு. அதன் பெயரால் செய்யப்படும் ஒவ்வோர் ஏற்பாட்டையும் வினாவின்றி ஏற்பது வேறு. தமிழகத்தின் தென்கரையிலே இந்திய அரசு அமைத்துவரும் குலசேகரன்பட்டினம் ஏவுதளத்தை இவ்வேறுபாட்டை மனத்திற்கொண்டே நாம் நோக்குதல் வேண்டும்.

2024 பெப்ரவரி 28 ஆம் திகதி இத்தளத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. செலவு ஏறத்தாழ 986 கோடி இந்திய ரூபா. நிலம் 2,000 ஏக்கருக்கும் மேல். இலக்கு ஆண்டுக்கு 24 ஏவுதல்கள். இவ்விடம் தெரியப்பட்டமைக்கு எமது தீவும் ஒரு காரணமாகும். சிறீகரிக்கோட்டாவிலிருந்து துருவப் பாதைக்குச் செல்லும் ரொக்கற், இலங்கைக்கு மேலாகப் பறத்தலாகாது என்பதற்காக, முதலிலே தென்கிழக்கே சென்று பின்னரே தெற்கு நோக்கித் திரும்புகிறது. இத்திருப்பத்திலே எரிபொருள் விரயமாகிறது. 500 கிலோகிராம் சுமையைத் தாழ்ந்த பாதைக்குக் கொண்டுசெல்லவெனச் செய்யப்பட்ட எஸ்.எஸ்.எல்.வி. என்னும் சிறு ரொக்கற்றுக்கு இது பேரிழப்பு. குலசேகரன்பட்டினத்துக்கோ தெற்கே திறந்த கடலே உள்ளது. காரணம் நியாயமானதுதான். ஆனால் அந்நியாயத்துக்குக் கரையும் கடலும் கொடுக்கும் விலை யாது, அதனை யார் எவ்வாறு அளக்கின்றனர் என்பதே எமது வினா.

இந்த ரொக்கற்றின் மூன்று பிரதான கட்டங்களும் திண்ம எரிபொருளால் இயங்குவன. முதற்கட்டத்தில் மட்டும் 87 தொன் எரிபொருள் உண்டு. அமோனியம் பேர்குளோரேற்றும் அலுமினியத் தூளும் கலந்த இத்தகைய எரிபொருள் எரியுங்கால், அதன் நிறையில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு ஐதரசன் குளோரைட்டு வாயுவாக வெளியேறும். மூன்றிலொரு பங்கு அலுமினியம் ஒட்சைட்டுத் துகளாகும். முதற்கட்டத்தின் வாயு மட்டும் ஒரு தடவைக்கு 17 தொன் அளவாகும். 24 தடவைக்கு 400 தொன்னைத் தாண்டும். இதிற் பெரும்பகுதி உயரத்திலே சிதறிவிடும் என்பது மெய்யே. ஆயினும் தரையருகே தங்கும் பகுதி நீருடன் கூடி அமிலமாகிறது. மேலே சிதறும் குளோரீனோ ஓசோன் படை கிடக்கும் உயரத்திலேயே நேராக விடப்படுகிறது.

இதற்கு முன்னுதாரணம் உண்டு. அமெரிக்காவின் கென்னடி தளத்தில் 1981 முதல் 2011 வரை விண்ணோடங்கள் ஏவப்பட்டன. ஏவுமேடையை அடுத்த செடிகொடிகள் கருகியதையும், ஆழமற்ற களப்பிலே சிறுமீன்கள் மடிந்ததையும் அத்தளத்தில் பணியாற்றிய விஞ்ஞானிகளே பதிவு செய்துள்ளனர். அங்கே ஒரு தடவையில் எரிந்த திண்ம எரிபொருள் ஏறத்தாழ 1,000 தொன்; இங்கே அதிற் பத்திலொரு பங்களவே. எனவே அதே அழிவு இங்கும் நேரும் எனல் மிகையாகும். ஆனால் அங்கே முப்பது ஆண்டுகளில் நிகழ்ந்தவை 135 ஏவுதல்களே. இலக்கு நிறைவேறின், குலசேகரன்பட்டினம் ஆறே ஆண்டுகளில் அத்தொகையைக் கடந்துவிடும். ஒவ்வோர் ஏவுதலையும் தனித்தெடுத்து, "பாதிப்பு அற்பம்" என்று எழுதும் மதிப்பீடு, அற்பங்கள் ஒன்றுசேர்வதைக் காணத் தவறிவிடும்.

இடமும் கணக்கிற் சேர வேண்டும். செம்மணல் தேரிகளும் பனைகளும் நிறைந்த நாடு இது. தேரி மணல் மழையை உறிஞ்சி நிலத்தடி நீரைக் காப்பது. முன்னே விரியும் கடலோ, இராமேஸ்வரம் முதல் கன்னியாகுமரி வரை 1989 இல் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடா. அதன் மறுகரையிலேதான் எமது மன்னார், புத்தளம் மீனவர் வாழ்கின்றனர். ஏவும் நாள்களிலே கடலில் ஆபத்து வலயம் அறிவிக்கப்படும். வானிலையாலோ கோளாற்றாலோ ஏவுதல் பிற்போடப்படின், தொழிலற்ற நாள்கள் மேலும் பெருகும். நீரின் அமிலத்தன்மையை அளப்போர், அடுப்பெரியாத நாள்களையும் அளத்தல் வேண்டாமா? சிறீகரிக்கோட்டாத் தீவிலே யானாதிப் பழங்குடியினர் ஏவுதளத்துக்காக வாழ்விடம் விட்டகல நேர்ந்தமையும் மறக்கற்பாலதன்று.

அளப்பவர் யார் என்பது இறுதி வினா. இந்தியாவில், திட்டத்தை நடத்துபவரே சூழல் மதிப்பீட்டாளருக்கும் ஊதியம் கொடுக்கும் முறை நிலவுகிறது. கூலி கொடுப்பவன் கையிலே தராசையும் கொடுத்தது போன்றது இது. அம்முறை மக்களின் நம்பிக்கையைப் பெறாமையை அதே மாவட்டத்துத் தூத்துக்குடியிலே கண்டோம். செப்பு உருக்காலையின் மாசுக்கெதிராக 2018 மே 22 இல் திரண்டோர் மீது பொலிசார் சுட்டதில் 13 பேர் மாண்டனர். மேலும், சிறு செய்மதிகளை ஏவும் உலகச் சந்தையும் இத்தளத்தின் நோக்கங்களுள் ஒன்றாகும். சந்தையின் வருவாய் ஓரிடத்தும் புகை வேறோரிடத்தும் சேருமாயின், "நாட்டு நலன்" என்ற சொல்லின் பொருளை நாம் விசாரித்தே ஆகவேண்டும்.

ரொக்கற் எழ வேண்டாம் என்று நாம் கூறவில்லை. ஏவுதலுக்கு முந்திய மண், நீர், மீன்வளம் ஆகியவற்றின் நிலை அளக்கப்பட்டு, பிந்திய அளவுகளுடன் தமிழிலே வெளியிடப்படல் வேண்டும். அளப்பவர் திட்டத்தாரின் ஊதியத்தில் இல்லாதவராயிருத்தல் வேண்டும். இழந்த தொழில்நாள்களுக்கு ஈடு வழங்கப்படல் வேண்டும். ஒரே கடலைப் பகிரும் இரு கரை மீனவரும் விசாரணையில் இடம்பெறல் வேண்டும். துருவப் பாதையைத் துல்லியமாகக் கணிக்க வல்லவர்களுக்கு இக்கணக்கு இயலாததன்று. அதனைக் கேட்டுப் பெறுவது மக்களின் கடமை. கேட்கக் கற்பிப்பது ஆசிரியரதும் மாணவரதும் கடமை.