பாதியில் நின்ற பந்தயக் கார்

குழந்தைகளுக்கென எடுக்கப்படும் திரைப்படங்களைப் பற்றி இலக்கிய இதழில் எழுதுவது தகுமா என்று அன்பர் சிலர் வினவக்கூடும். நம் பிள்ளைகள் அவற்றைப் பார்க்கிறார்கள். ஆகவே நாமும் உடனிருந்து பார்க்கவேண்டும். பார்த்தபின் நல்லதை நல்லதென்றும் அல்லதை அல்லதென்றும் எடுத்துரைக்கவேண்டும். இக்கட்டுரைக்கு அதுவே நியாயம்.

அமெரிக்காவின் பிக்ஸார் நிறுவனம் ‘கார்ஸ்’ என்னும் வரிசையில் 2006, 2011, 2017 ஆகிய ஆண்டுகளில் மூன்று கார்ட்டூன் படங்களை வெளியிட்டது. மனிதரே இல்லாத உலகம் அது. கார்களே பேசுகின்றன, சிரிக்கின்றன, பொறாமை கொள்கின்றன. கதைத் தலைவன் லைட்னிங் மெக்வீன் என்னும் சிவப்புப் பந்தயக் கார். உடுமலையில் எங்கள் வீட்டுத் தொலைக்காட்சியில் மூன்றாம் படம் ஓடிக்கொண்டிருந்தபோது என் இளைய மகன் கேட்டான்: “ஓடிக்கிட்டிருக்கும்போதே ஏன் அத்தா நின்னுட்டுது?” அந்தக் கேள்விக்கு விடை தேடியபோதுதான் மூன்று படங்களின் தராதரமும் எனக்குப் புலப்பட்டது.

முதற்படத்தின் இறுதியில் மெக்வீன் வெற்றிக் கோட்டை நெருங்கிவிடுகிறான். அவ்வேளையில் ‘கிங்’ எனப்படும் மூத்த வீரன் விபத்தில் சிக்கிக் கிடப்பதைக் காண்கிறான். கோட்டைத் தொடாமல் நின்று, திரும்பிச் சென்று, அம்முதியவனைத் தள்ளிக்கொண்டு வந்து பந்தயத்தை முடிக்கவைக்கிறான். கோப்பை வேறொருவனுக்குப் போய்விடுகிறது. படம் பார்த்தவர் நெஞ்சில் மெக்வீனே நிற்கிறான்.

இரண்டாம் படத்தில் இந்த நெஞ்சம் இல்லை. தோக்கியோ, இத்தாலி, இலண்டன் என உலகெங்கும் பந்தயம் நடக்கிறது. ஆனால் அது வெறும் சாக்கு. மேட்டர் என்னும் வெள்ளந்தியான இழுவை வண்டியை ஒற்றன் என்று பிறர் தவறாக எண்ண, அதன் பின்னே துப்பாக்கியும் வெடிகுண்டும் துரத்தலுமாகக் கதை ஓடுகிறது. எண்ணெய்க்கு மாற்றான எரிபொருள் என்ற அரிய பொருளைத் தொட்டும், அதைச் சதிகாரனின் தந்திரமாக்கி வீணாக்கிவிட்டார்கள். பழுதுபட்டு ஒதுக்கப்பட்ட வண்டிகளையே கொடியவர்களாகக் காட்டியிருப்பது அதனினும் வருத்தத்துக்குரியது. குறையுள்ளவனைக் கண்டால் வெறுக்கப் பிள்ளைக்குக் கற்றுக்கொடுக்கலாமா? வண்ணமும் வேகமும் மிகுந்த இப்படத்தில் எவரும் எதையும் இழக்கத் துணியவில்லை. அதுவே அதன் வறுமை.

பிரையன் ஃபீ நெறிப்படுத்திய மூன்றாம் படம் இழந்ததை மீட்கிறது. மெக்வீனுக்கு வயதாகிவிட்டது. ஜாக்சன் ஸ்டார்ம் என்னும் புதிய தலைமுறைக் கார் அவனைத் தொடர்ந்து முந்துகிறது. தன்னை மீறி ஓடப்போய் மெக்வீன் உருண்டு நொறுங்குகிறான். தேறியபின் அவனுக்குப் பயிற்சி தர வருபவள் குரூஸ் ராமிரெஸ். அவளுக்கும் பந்தய வீராங்கனையாகும் கனவு இருந்தது. முதற் பந்தயத்தன்றே, ‘இது நமக்குரிய இடமன்று’ என்று அஞ்சி ஒதுங்கியவள் அவள்.

மெக்வீனின் ஆசான் டாக் ஹட்சன். அவனும் விபத்தால் பந்தயக் களத்தை இழந்தவனே. டாக்கின் வாழ்வு அன்றே முடிந்தது என்றுதான் மெக்வீன் நம்பியிருந்தான். டாக்கிற்குப் பயிற்சி தந்த ஸ்மோக்கியோ, டாக் தனக்கு எழுதிய கடிதங்களைக் காட்டுகிறான். அவற்றில் நிறைந்திருப்பது மெக்வீனைப் பற்றிய பெருமிதம். பிறனைப் பழக்கி உயர்த்திய நாட்களே டாக்கின் இனிய நாட்கள் என்பது மெக்வீனுக்கு அப்போதுதான் விளங்குகிறது. படத்தின் உயிர் இக்காட்சியில் இருக்கிறது. டாக்கிற்குக் குரல் தந்த பால் நியூமன் 2008-இல் காலமாகிவிட்டார். முதற்படத்துக்காகப் பதிவு செய்து எஞ்சியிருந்த அவரது குரலையே இப்படத்தில் பயன்படுத்தியிருக்கிறார்கள். இறுதிப் பந்தயத்தின் நடுவே மெக்வீன் நிற்கிறான். தன் எண்ணாகிய 95-ஐக் குரூஸுக்குத் தந்து அவளை ஓடவிடுகிறான்.

முதற்படத்தில் மூத்தவனுக்காக நின்றவன், மூன்றாம் படத்தில் இளையவளுக்காக நிற்கிறான். இரண்டையும் இணைத்துப் பார்த்தால்தான் இவ்வரிசையின் பொருள் நிறைவுறும்.

இங்கே நம் நினைவுக்கு வருவது அண்ணல் நபி (ஸல்) அவர்களின் அள்பா என்னும் ஒட்டகம். அனஸ் (ரலி) அவர்களின் அறிவிப்பாகப் புகாரீயில் இடம்பெற்றுள்ள செய்தி இது. எந்த ஒட்டகமும் முந்தாத அள்பாவை, நாட்டுப்புற அரபி ஒருவர் தம் இளம் ஒட்டகத்தில் வந்து முந்திவிட்டார். தோழர்களுக்கு அது மனவருத்தம் தந்தது. அதையுணர்ந்த பெருமானார், இவ்வுலகில் உயரும் எதையும் தாழ்த்தாமல் விடுவதில்லை என்பது அல்லாஹ்வின் நியதி என்னும் கருத்தைக் கூறி அவர்களைத் தேற்றினார்கள். முந்திச் சென்றவரைக் கடிந்த ஒரு சொல்லும் அவ்வறிவிப்பில் இல்லை.

அந்த அளவுகோலைக் கொண்டு நோக்கினால் மூன்றாம் படத்தின் குறையும் தெரிகிறது. ஸ்டார்மைச் செருக்கின் உருவாக மட்டுமே தீட்டியிருக்கிறார்கள். இளமையின் வேகம் ஒரு குற்றமன்று. அவனுக்கும் ஓர் உள்ளத்தைத் தந்திருக்கலாம். மேலும், விட்டுக்கொடுத்த மறுகணமே குரூஸ் வெல்கிறாள். பந்தயத்தைத் தொடங்கியவன் என்பதால் மெக்வீனுக்கும் வெற்றியில் பங்கு கிடைத்துவிடுகிறது. தியாகத்துக்கு உடனே கூலி வழங்கும் அவசரம் இது. கோப்பையை இழந்தே நின்ற முதற்படம் இவ்வகையில் உயர்ந்தது. பயிற்சிக் காட்சிகளின் நீளமும் சலிப்பூட்டுகிறது.

டாக் ஹட்சனைப் போன்றவர்கள் கற்பனையில் மட்டும் வாழ்பவர்கள் அல்லர். நம் கோவையின் எஸ். கரிவரதன் தாமே பந்தய வீரர். அதனோடு நில்லாமல், மாருதி இயந்திரம் பொருத்திய ஒற்றை இருக்கைக் கார்களை வடிவமைத்து, இளைஞர்கள் குறைந்த செலவில் களமிறங்க வழிசெய்தார். 1995-இல் விமான விபத்தில் அவர் மறைந்தார். 2005-இல் கோவையின் நரேன் கார்த்திகேயன் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓடிய முதல் இந்தியரானார். செட்டிப்பாளையத்துப் பந்தயக் களம் இன்று கரிவரதனின் பெயரைத் தாங்கி நிற்கிறது.

நம் இல்லங்களின் நிலை என்ன? பனியன் தொழிலை வியர்வை சிந்தி வளர்த்த பெரியவர்கள் நம்மிடையே பலர். துணியை அடுக்கிக் கையால் வெட்டிய கட்டிங் மாஸ்டரின் இடத்துக்குக் கணிப்பொறி வந்துவிட்டது. ஆயினும், நாற்பது வயது மகன் காசோலையில் ஒரு கையெழுத்துக்காகத் தந்தையின் முன் காத்து நிற்கும் வீடுகள் உண்டு. பட்டம் பெற்ற மகள், ‘இது நமக்குரிய இடமன்று’ என்று தானே ஒதுங்கிக்கொள்ளும் வீடுகளும் உண்டு. சாவிக்கொத்தை உரிய காலத்தில் ஒப்படைப்பதும், அருகிருந்து வழிகாட்டுவதும் தோல்வியாகா. காலங்கடந்து ஒப்படைத்தால் பெறுபவனும் அதற்குள் களைத்துப் போயிருப்பான்.

நன்மைகளில் முந்திக்கொள்ளுமாறு திருமறை நம்மைப் பணிக்கிறது. அப்பந்தயத்தில் பிறருக்கு வழிவிடுவதும் முந்துவதே ஆகும். மகனுக்கு அன்றிரவு அள்பாவின் வரலாற்றைச் சொன்னேன். கேட்டுவிட்டு, “அப்புறம் அந்த ஒட்டகத்தை என்ன செஞ்சாங்க அத்தா?” என்றான். முந்தப்பட்டதால் அதன் மதிப்பு ஒன்றும் குறைந்துவிடவில்லை என்றேன். அவன் நிம்மதியாக உறங்கப் போனான்.

இரண்டாம் படத்தை விட்டுவிடுங்கள். முதலாவதையும் மூன்றாவதையும் பிள்ளைகளோடு சேர்ந்து பாருங்கள். மூன்றாவதைப் பார்க்கும்போது வீட்டுப் பெரியவர்களையும் அருகில் அமர்த்திக்கொள்ளுங்கள்.