மார்த்தினிக் மண்ணின் மூன்று சிந்தனை மரபுகள்

கரீபியத் தீவான மார்த்தினிக்கில் அடிமைமுறை 1848இல் ஒழிந்தது. ஆனால் தீவு தனிநாடாகவில்லை. 1946இல் பிரான்சின் மாவட்டங்களுள் ஒன்றானது. அந்தச் சட்டத்துக்காக நாடாளுமன்றத்தில் வாதாடியவர் கவிஞர் எமே செசேர். கறுப்பினப் பெருமையைப் பாடியவரே பிரான்சோடு இணையவும் வழி செய்தார். பின்வந்தோர் விவாதமெல்லாம் இந்த முரணைச் சுற்றியே நடந்தது.

பாரிசில் மாணவராயிருந்தபோது செங்கோர், தமாஸ் என்ற கவிஞர் இருவருடனும் சேர்ந்து செசேர் தொடங்கிய 'நெக்ரித்யூத்' இயக்கம் ஆப்பிரிக்க வேரைத் தலைநிமிர்ந்து உரிமை கொண்டாடியது. ஊர் திரும்பியபின், இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், மனைவி சுசான் செசேரும் ரெனே மெனிலும் துணைநிற்க 'த்ரோபிக்' இதழை நடத்தினார். 1943இல் நாஜிகளோடு ஒத்துழைத்த பிரான்சின் விஷி அரசின் நிர்வாகம் இதழைத் தடைசெய்தது. சுசானுக்கு உரிய இடம் இன்னும் தரப்படவில்லை என்பதே என் எண்ணம். பூவையும் கடலையும் பாடிச் சுற்றுலாக்காரரை மகிழ்விக்கும் கவிதையை அவர் அடியோடு மறுத்தார். தீவின் அழகே அதன் வறுமையை மறைக்கும் திரை என்று 1945இல் எழுதினார். தீவு இலக்கியத்துக்கு இதைவிடக் கறாரான அளவுகோல் எனக்குத் தெரிந்து இல்லை.

செசேர் கற்பித்த பள்ளியில் பயின்ற ஃப்ரான்ஸ் ஃபனோன் மனநல மருத்துவரானார். அடிமைப்பட்ட மனத்தின் நோயை 1952இல் வெளிவந்த தம் முதல் நூலிலேயே ஆராய்ந்தார். அதே பள்ளியில் பயின்ற எதுவார் கிளிசான் வேறு வழி கண்டார். ஆப்பிரிக்கா என்ற ஒற்றை வேர் அவருக்குப் போதவில்லை. கரும்புத் தோட்டங்களில் மோதிக் கலந்த மக்களின் உறவே அவருக்கு அடையாளம். பிறருக்கு முழுதும் விளங்காமல் இருப்பதும் மனித உரிமையே என்று அவர் வாதிட்டது மிகத் துணிவான சிந்தனை.

1989இல் பெர்னாபே, ஷமுவாசோ, கொன்ஃபியான் என்ற எழுத்தாளர் மூவரும், கலப்பில் பிறந்த கிரெயோல் மொழியையும் பண்பாட்டையும் போற்றும் 'கிரெயோலிதே' அறிக்கையை வெளியிட்டார்கள். தோட்டத்துக் கதைசொல்லியே தங்கள் முன்னோடி என்றார்கள். சேரி மக்களைப் பாடும் ஷமுவாசோவின் 'தெக்சாக்கோ' நாவல் 1992இல் பிரான்சின் கொன்கூர் இலக்கியப் பரிசு பெற்றது. ஆயினும் அந்த அறிக்கை எழுத்தாளருக்கு விதி வகுப்பதை அண்டைத் தீவான குவாதலூப்பின் எழுத்தாளர் மரீஸ் கொந்தே ஏற்கவில்லை. அவர் பக்கமே நியாயம் இருக்கிறது. கிரெயோல் பேச்சின் மூச்சைப் பிரெஞ்சு உரைநடையில் நாவலாசிரியர் சிமோன் ஷ்வார்ஸ்-பார் 1972லேயே கொண்டுவந்துவிட்டார். எந்த அறிக்கையும் அவருக்குத் தேவைப்படவில்லை.

1853 முதல் புதுச்சேரி, காரைக்கால் வழியாக ஒப்பந்தக் கூலிகளாய் மார்த்தினிக்குக்குச் சென்ற தமிழர் மாரியம்மனையும் மதுரைவீரனையும் உடன் கொண்டுபோனார்கள். நெக்ரித்யூத்தில் அவர்களுக்கு இடமில்லை; கிரெயோலிதே இடம் தந்தது. மொரீஷியஸ் கவிஞர் கால் தொராபுல்லி, செசேரையும் கிளிசானையும் கற்று, 'கூலித்யூத்' என்ற கருத்தை முன்வைத்தார். கூலிகளின் கடற்பயணத்தையே அவர் தொடக்கமாகக் கொண்டார். அடிமைகளின் வழிவந்தோரைப் போட்டியாளராக அவர் பார்க்கவில்லை, உறவினராகவே பார்த்தார்.