பழம்பண், புது இராகம்: தேவார இசையை எடைபோடுதல்

மனிதர்கள் இன்றும் விரும்பிக் கேட்கும் இசையில் மிகப் பழையது எது? இந்தக் கேள்விக்கு இரண்டு வழிகளில் விடை தேடலாம். ஒன்று, எழுதிவைக்கப்பட்ட இசை. சிரியாவின் உகாரித் நகர இடிபாடுகளில் கிடைத்த களிமண் பலகை ஒன்றில், ஏறக்குறைய கி.மு. 1400ஐச் சேர்ந்த ஹுரியன் மொழித் துதிப்பாடல் இசைக் குறிப்போடு இருக்கிறது. துருக்கியின் அய்தின் அருகே கிடைத்த செய்கிலோஸ் கல்லறைத் தூணில், கிரேக்கப் பாட்டின் சொற்களுக்கு மேலே சுரக்குறிகள் செதுக்கப்பட்டுள்ளன, அது கி.பி. முதல் அல்லது இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. இரண்டையும் இன்று பாடிக் கேட்கலாம். ஆனால் நெடுங்காலம் அவற்றைப் பாட ஒரு வாயும் இருக்கவில்லை. உகாரித் பலகையைப் படித்த அறிஞர்கள் ஆளுக்கொரு மெட்டைத் தந்திருக்கிறார்கள்.

மற்றொன்று, குறிப்பே இல்லாமல் குரல்வழி வந்த இசை. சாமவேத ஓதல் இவ்வகையில் மிக மூத்தது. ஆனால் அது வேள்விக்கு உரியது, சடங்கை விட்டு வெளியே வந்து பொதுமக்கள் தாமே பாடி மகிழும் பாட்டாக ஆகவில்லை. அப்படி ஆனது தேவாரம். ஏழாம் நூற்றாண்டின் சம்பந்தரும் அப்பரும், அவர்களுக்குப் பின் வந்த சுந்தரரும் பாடிய பதிகங்கள் தமிழ்நாட்டுக் கோயில்களிலும், ஈழத்து வீடுகளிலும், மலேசியா, சிங்கப்பூர்த் தமிழர்களின் சபைகளிலும் இன்றும் ஒலிக்கின்றன. தருமபுரம் ப. சுவாமிநாதன் பாடிய ஒலிப்பதிவுகள் விடிகாலையில் கேட்காத சிவாலயத் தெரு குறைவு.

ஏறக்குறைய 1,300 ஆண்டுகளாகத் தொடரும் பாட்டு என்று இதைப் பெருமையோடு சொல்கிறோம். பெருமை நியாயமானதே. ஆனால் இந்தப் பாட்டில் எது 1,300 ஆண்டுப் பழமை, எது நேற்று வந்து சேர்ந்தது என்று பிரித்துப் பார்க்காமல் பேசும் பெருமை, பாட்டுக்கே கேடாக முடிகிறது. அன்பு உள்ளவர்கள்தான் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும்.

முதலில் வலிமை. தேவாரத்தைக் காத்தது தனிமனித நினைவு மட்டுமல்ல. அமைப்பும் சேர்ந்தே காத்தது. ஒன்பதாம் நூற்றாண்டுப் பல்லவர் காலத்துத் திருவல்லம் கல்வெட்டிலேயே திருப்பதியம் என்று அன்று வழங்கிய தேவாரத்தைப் பாடுவோருக்கான ஏற்பாடு பேசப்படுகிறது. தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசன் திருப்பதியம் பாட 48 பிடாரர்களை நியமித்தான். உடன் வாசிக்க உடுக்கைக்காரர் ஒருவர், கொட்டிமத்தளக்காரர் ஒருவர். ஆளுக்கு நாள்தோறும் முக்குறுணி நெல். ஒருவர் இறந்தால் அவருடைய உறவினர் அந்த இடத்தில் நின்று பாட வேண்டும்; அவர் தகுதியற்றவரானால் தகுதியுள்ள வேறொருவரை அமர்த்த வேண்டும் என்பது வரை கல்வெட்டு சொல்கிறது. இசை வாழ வேண்டுமானால் பாடுபவர் வயிறு நிறைய வேண்டும், பாடுபவருக்குத் தகுதியும் வேண்டும் என்ற இரண்டையும் ஒரே மூச்சில் சொன்ன ஆவணம் அது.

அமைப்பைவிட வலிய காப்பு பாட்டின் உள்ளேயே இருக்கிறது. ஒரு பதிகத்தின் பாடல்கள் எல்லாம் ஒரே அச்சில் வார்க்கப்பட்டவை. முதல் பாடலின் சீர் எங்கே நீள்கிறதோ, எங்கே குறுகுகிறதோ, அதே இடங்களில்தான் பதினோராம் பாடலும் நீளும், குறுகும். இந்த அச்சைக் கட்டளை என்பார்கள். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு என்ற தமிழின் அளவே தாளத்தின் அளவாகிவிடுகிறது. மதுரையில் சம்பந்தர் பாடிய திருநீற்றுப் பதிகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அடியின் பாதியில் ஒருமுறை, முடிவில் ஒருமுறை என்று ‘நீறு’ வந்து விழுந்துகொண்டே இருக்கும். தாளம் தெரியாதவர் கையும் அந்த இடத்தில் தானாகத் தட்டும். ஒரு பாடலை ஒழுங்காகக் கற்றவர் மற்றப் பத்தையும் தாமே பாடிவிடலாம். குறுக்கே ஒரு சொல்லை மாற்றினால் நடை இடறிக் காட்டிக்கொடுத்துவிடும். சுரக்குறி இல்லாத குறையைப் பெருமளவு ஈடுசெய்தது இந்தக் கட்டளைதான். இன்று கோயிலில் தேவாரம் பாடும் ஓதுவார் வாயில் நாம் கேட்கும் நடை, சம்பந்தர் நடந்த நடைக்கு மிக அருகில் இருக்கிறது என்று துணிந்து சொல்லலாம்.

மூன்றாவது வலிமை, பாட்டு தன் வேலையை இழக்காதது. பதிகங்களுக்குரிய பழைய இசைவகைகளான பண்களைப் பகற்பண், இராப்பண், பொதுப்பண் என்று வகுத்து வேளைக்கு ஏற்பப் பாடும் வழக்கம் இருக்கிறது. விடியற்பண்ணான புறநீர்மை இன்று பூபாளத்தில் பாடப்படுகிறது. மேகராகக்குறிஞ்சிப் பதிகங்கள் மழை வேண்டிப் பாடப்படுபவை. 2019 வறட்சியின்போது மழைப்பதிகம் பாட வேண்டும் என்று இந்து சமய அறநிலையத் துறையே கோயில்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. மழை வந்ததா என்பது வேறு பேச்சு. நீர் வற்றிய கோடையில் ஓர் அரசுத் துறைக்கு ஏழாம் நூற்றாண்டுப் பண் ஒன்றின் பெயர் நினைவுக்கு வந்தது என்பதே அந்த இசை உயிரோடு இருப்பதற்குச் சான்று.

இனிக் குறைகள். முதன்மையானது, பண்ணையும் இராகத்தையும் ஒன்றென்று சொல்லிவிடும் பழக்கம். ஏடுகளில் பண்ணின் பெயர் மட்டுமே இருக்கிறது, சுரம் எழுதப்படவில்லை. முதல் திருமுறையின் முதல் 22 பதிகங்கள் நட்டபாடை என்று தெரியும். நட்டபாடை எப்படி ஒலித்தது என்பதை ஏடு சொல்லாது. இன்று அதை நாட்டையில் பாடுகிறோம். பெயர்களிலும் உறவு தெரிகிறது. ஆனால் எல்லாப் பண்ணுக்கும் இப்படி அமையவில்லை.

பக்தர்கள் மிக அதிகம் பாடும் மூன்று பதிகங்களைப் பார்ப்போம். திருவதிகையில் சூலை நோயோடு அப்பர் பாடிய பதிகம்: பண் கொல்லி. திருநீற்றுப் பதிகம்: பண் காந்தாரம். கோளறு பதிகம்: பண் பியந்தைக்காந்தாரம். பெயர் மூன்று. ஓதுவார் மரபில் இன்று மூன்றுக்கும் இராகம் ஒன்றே, நவரோஜ். இதேபோலத் தக்கராகமும் தக்கேசியும் காம்போதியில் அடங்கிவிட்டன. நட்டராகமும் சாதாரியும் பந்துவராளியில் சேர்ந்துவிட்டன. பதிகங்களைப் பண்வாரியாகப் பிரித்து அடுக்கியவர்களின் காதுக்கு இவை வேறு வேறாகக் கேட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் பிரித்திருக்கவே மாட்டார்கள். நம் காதுக்கு அந்த வேறுபாடு எட்டவில்லை. பாடும் மரபு எதையோ வழியில் தவறவிட்டிருக்கிறது என்பதற்கு இதைவிட வெளிப்படையான சான்று தேவையில்லை.

ஆனாலும் நவரோஜைக் குறைசொல்லி ஒதுக்க மனம் வராது. அது மந்தர பஞ்சமத்தில் தொடங்கி மத்திய பஞ்சமத்தோடு நின்றுவிடும் இராகம். மேல் சட்சத்துக்கு ஏற வேண்டிய கட்டாயம் இல்லை. பயிற்சி பெறாத குரலும் மூச்சுத் திணறாமல் பாடலாம். சூலை நோயின் வயிற்றுவலியில் துடித்த அப்பர் முறையிடுவதற்கு உரத்த குரல் பொருந்தாது. தாழ்ந்து சுழலும் அந்த ஒலி பொருந்துகிறது. கூட்டமாக அமர்ந்து பாடும் வழிபாட்டிலும் எல்லாக் குரலும் அதில் இடம்பெற்றுவிடும். ஆகவே இந்த மாற்றத்தில் இழப்பும் இருக்கிறது, ஒரு தேர்ந்த இசையறிவும் இருக்கிறது. தவறு இராகத்தில் இல்லை. ‘கொல்லி என்றால் நவரோஜ்’ என்று அட்டவணை போட்டு, அதோடு கேள்வியை முடித்துக்கொள்வதில்தான் இருக்கிறது.

மரபே தன் முறிவை மறைக்கவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். தில்லை எனப்படும் சிதம்பரத்தில் ஓர் அறைக்குள் ஏடுகள் செல்லரித்துக் கிடந்தன, சோழ மன்னனும் நம்பியாண்டார் நம்பியும் எஞ்சியவற்றை மீட்டனர் என்று திருமுறைகண்ட புராணம் சொல்கிறது. சொல் கிடைத்த பிறகும் பண் கிடைக்கவில்லை. திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண்ணைக் கொண்டே பண்களை வகுத்தார்கள் என்றும் அது கூறுகிறது. இதை வரலாறாகக் கொள்ளுங்கள், கதையாகக் கொள்ளுங்கள். சொல்லுக்கும் பண்ணுக்கும் இடையே ஒருமுறை தொடர்பு அறுந்தது என்று மரபே ஒப்புக்கொண்டிருக்கிறது. அவ்வளவு நேர்மை நம்மிடம் இருந்தால் போதும்.

அந்தக் கதை இன்னொரு குறையையும் காட்டுகிறது. பண்ணை மீட்டுத் தந்தவர் பாணர் குலப் பெண். சம்பந்தரோடு ஊர் ஊராகச் சென்று யாழில் பதிகங்களை வாசித்தவரும் அந்தத் திருநீலகண்ட யாழ்ப்பாணர்தான். உடன் பாடியவர் அவர் மனைவி மதங்கசூளாமணியார். ஆனால் பிற்காலத்தில் இந்த இசை நின்ற இடத்தில் யாழும் இல்லை, பாணரும் இல்லை, பெண்ணும் இல்லை. பெண்களை ஓதுவாராக நியமிப்பது இந்த நூற்றாண்டில்தான் நடந்தது. 2021இல் தாம்பரம் அருகே மாடம்பாக்கம் தேனுபுரீசுவரர் கோயிலில் ஒரு பெண் அப்பணியில் அமர்ந்தது செய்தியானது. செய்தியாக வேண்டிய அளவுக்கு அது அரிதாக இருந்தது என்பதே வருத்தம். சிதம்பரத்தில் சிற்றம்பல மேடையில் நின்று தேவாரம் பாட 2008இல் அரசாணை வேண்டியிருந்ததையும் இதோடு சேர்த்து எண்ண வேண்டும்.

அடுத்த குறை, பாட்டுக்குக் கொடுக்கும் நேரம். கோயில் பூசையின் முடிவில் பஞ்சபுராணம் பாடுவார்கள்: தேவாரம், திருவாசகம், திருவிசைப்பா, திருப்பல்லாண்டு, பெரியபுராணம் என ஒவ்வொன்றிலும் ஒரு பாட்டு. தேவாரத்தின் பங்கு ஒரே ஒரு பாடல். ஒரே அச்சில் பதினொரு பாடல் வார்த்ததன் பயன், நடை திரும்பத் திரும்ப வந்து கேட்பவர் உடம்பில் ஏறுவது. ஒன்றோடு நிறுத்தினால் அந்த அனுபவம் தொடங்கும்போதே முடிந்துவிடுகிறது. அதற்குள் கற்பூரத் தட்டு வந்துவிடும், கூட்டம் நகரத் தொடங்கிவிடும். இராசராசன் கொடுத்த உடுக்கையும் மத்தளமும் இல்லாமல், பல கோயில்களில் ஓதுவார் சுருதிப்பெட்டியோ கைத்தாளமோ வைத்துக்கொண்டு தனியே நிற்கிறார். ஓதுவாரே இல்லாத கோயில்களும் பல. கச்சேரி மேடையிலோ தேவாரம் பெரும்பாலும் கடைசிப் பகுதியில் தாளமில்லாத விருத்தமாக வருகிறது. கட்டளையைக் கழற்றிவிட்டு இராகமாலிகையில் இழைக்கும்போது பாடகரின் திறமை தெரியும். தேவாரத்தின் மிகப் பழைய எலும்பான தாளநடை போய்விடும். அப்பரின் திருத்தாண்டகம் தாளமின்றிச் சுத்தாங்கமாகப் பாடவே உரியது. எல்லாப் பதிகத்தையும் அப்படிப் பாடுவது முறையல்ல.

ஆராய்ச்சி நடக்கவில்லை என்று சொல்ல முடியாது. ஆபிரகாம் பண்டிதரின் கருணாமிர்த சாகரம் 1917இல் வந்தது. விபுலானந்தரின் யாழ்நூல் 1947இல் வெளியாயிற்று. தேவாரப் பண்களுக்கென்றே அதில் ஓர் இயல் உண்டு. 1943இல் தோன்றிய தமிழ் இசைச் சங்கம் பண் ஆராய்ச்சிக் கூட்டங்களை நடத்தி, ஓதுவார்களையும் அறிஞர்களையும் ஒரே அவையில் அமர்த்தியது. குடந்தை ப. சுந்தரேசனார் ஊர் ஊராகப் பாடியே பண்களை விளக்கினார். தேவார காலத்துக்கு அருகில் வைக்கத்தக்க குடுமியான்மலை இசைக் கல்வெட்டு ஏழு இராகங்களுக்கான சுரத்தொகுதிகளைப் பாறையில் காட்டுகிறது. அவற்றில் சாதாரிதம், பஞ்சமம், கைசிகம் என்ற பெயர்கள் தேவாரத்தின் சாதாரி, பஞ்சமம், கௌசிகத்துக்கு உறவாக நிற்கின்றன. இவ்வளவு இருந்தும், இந்த உழைப்பின் பயன் ஓதுவார் பயிற்சிப் பள்ளி மாணவரின் வாய்க்கு எவ்வளவு வந்து சேர்ந்திருக்கிறது என்று கேட்டால், மிகக் குறைவு என்றே சொல்ல வேண்டும். அங்கே அவருக்குக் கிடைப்பது முடிந்துபோன அட்டவணை. அந்த அட்டவணைக்குப் பின்னால் உள்ள கேள்விகள் அல்ல.

எடைபோட்டுப் பார்த்தால் என் முடிவு இது. தேவார இசையில் சொல் பழையது, நடை பழையது, பாடும் இடமும் வேளையும் பழையவை. சுரத்தின் மேனி பெரும்பாலும் பிற்காலத்தது. கர்நாடக இசை இன்றைய வடிவம் பெற்றபோது அதனோடு சேர்ந்து உருவானது. இப்படிச் சொல்வதால் தேவாரம் சிறுத்துவிடாது. உகாரித் பலகை மாறவில்லை, ஏனென்றால் அதை யாரும் பாடவில்லை. தேவாரம் மாறியது, ஏனென்றால் ஒவ்வொரு தலைமுறையும் அதைத் தன் காதுக்கு இனிய இராகத்தில் பாடிக்கொண்டது. விரும்பிக் கேட்கப்படுவதற்கு அது கொடுத்த விலை அந்த மாற்றம்.

ஆகவே செய்ய வேண்டியவையும் தெளிவாகவே இருக்கின்றன. பாடும்போது பண்ணின் பெயரையும் இன்றைய இராகத்தின் பெயரையும் தனித்தனியே சொல்ல வேண்டும். ஒன்றுக்கு மற்றொன்றை ஈடாக வைக்கக் கூடாது. முதிய ஓதுவார்கள் பாடும் பாடவேறுபாடுகளை, எது சரி என்று தீர்ப்பெழுதும் முன், அப்படியே பதிவுசெய்ய வேண்டும். நவரோஜில் பாடும் கொல்லிக்கும் நவரோஜில் பாடும் காந்தாரத்துக்கும் ஏதேனும் நுண்ணிய வேறுபாடு ஒரு முதியவர் குரலில் மிஞ்சியிருக்கக் கூடும். வாரத்தில் ஒரு நாளாவது ஒரு பதிகத்தை முதற்பாடலிலிருந்து கடைக்காப்பு வரை முழுதாக, தாளக்கருவியோடு கோயிலில் பாட வேண்டும். ஓதுவார் பணியிடங்களை நிரப்பி, வாழத்தக்க ஊதியம் கொடுத்து, ஆண் பெண் பாராமல் தகுதி மட்டும் பார்த்து அமர்த்த வேண்டும். பெரிய கோயில் கல்வெட்டு 1,000 ஆண்டுகளுக்கு முன்பே இதில் பாதியைச் சட்டமாக்கிவிட்டது; மீதிப் பாதிதான் நம் கடன்.