மேல்சபையில் ஒரு கதாசிரியர்

எழுத்தாளனுக்குச் சபையில் என்ன வேலை என்று என் நண்பர் ஒருவர் அடிக்கடி கேட்பார். காரமடைக் கடைவீதியில் தேங்காய் மண்டி வைத்திருக்கிறவர். நாவல் என்றால் விடமாட்டார். "நீங்க எழுதறதை எழுதுங்க. பேசறதுக்குத்தான் ஊர்ப்பட்ட ஆளு இருக்குதுங்களே!" என்பது அவருடைய கட்சி. இந்தக் கட்சியை லேசில் தள்ளிவிட முடியாது. எழுத்தாளன் தனியாக உட்கார்ந்து பழகியவன். ஒரு வாக்கியத்தை எழுதிவிட்டு அடிக்கலாம், திருத்தலாம். சபையில் சொன்னது சொன்னதுதான், சுருக்கெழுத்துக்காரர் காத்திருக்கிறார்.

ஆனாலும் நம் அரசியல் சட்டம் எழுத்தாளனைக் கூப்பிட்டு உட்கார வைத்திருக்கிறது. ராஜ்ய சபையில் பன்னிரண்டு பேரை ஜனாதிபதி நியமிக்கலாம்; இலக்கியம், விஞ்ஞானம், கலை, சமூக சேவை ஆகியவற்றில் தேர்ந்தவர்களாக அவர்கள் இருக்க வேண்டும். இந்த ஏற்பாட்டை நாம் அயர்லாந்தின் அரசியல் சட்டத்திலிருந்து எடுத்துக்கொண்டோம். அந்த நாட்டுக்கு இதில் பழைய அனுபவம் உண்டு. 1922-ல் அங்கே முதல் செனட் கூடியபோது கவி யேட்ஸ் அதில் நியமன அங்கத்தினர். 1925-ல் விவாகரத்து விஷயமாக அவர் செய்த பிரசங்கம் பேர்போனது. கத்தோலிக்கப் பெரும்பான்மை விவாகரத்துக்கு இடமில்லாமல் செய்யப் பார்த்தபோது, தாம் பிறந்த பிராடஸ்டண்டு சிறுபான்மையின் சார்பில் எழுந்து நின்று, நாங்கள் ஒன்றும் சில்லறை மனிதர்கள் அல்ல என்கிற தோரணையில் முழங்கினார். பேச்சு கம்பீரம்தான். ஆனால் காரியத்துக்கு உதவவில்லை. மாற்றுக் கட்சிக்காரனுடைய மனசில் ஒரு விரற்கடை இடம்கூட அது பிடிக்கவில்லை; ரோஷத்தைத்தான் கிளப்பிற்று. அயர்லாந்தில் விவாகரத்துக்கு வழி பிறக்க 1995-ல் நடந்த பொது வாக்கெடுப்பு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதே யேட்ஸ் 1926-ல் செனட்டர் என்ற முறையில் வாட்டர்போர்டு ஊரில் ஒரு பள்ளிக்கூடத்தைப் பார்வையிடப் போனார். அதிலிருந்து ஒரு பெரிய கவிதை பிறந்தது. என்னைக் கேட்டால், அவர் செனட்டில் இருந்த ஆறு வருஷத்துக்கு அந்தக் கவிதை ஒன்றே போதும்.

நம்மவர்களில் 1962-ல் ராஜ்ய சபைக்குப் போன அண்ணாதுரையைப் பற்றி எல்லாருக்கும் தெரியும். அவர் வேறு ரகம். காஞ்சிபுரத்தில் தோற்றுவிட்டு, சட்டசபை அங்கத்தினர்களின் ஓட்டால் மேல்சபைக்குப் போனவர். மேடையிலேயே வளர்ந்தவருக்குச் சபை ஒன்றும் புதுசு இல்லை. நான் சொல்ல வருவது மேடைப் பழக்கமே இல்லாத ஒரு மனிதரைப் பற்றி.

ஆர். கே. நாராயண் 1986-ல் ராஜ்ய சபைக்கு நியமிக்கப்பட்டார். 1906-ல் சென்னையில் பிறந்து, மைசூரில் வாழ்ந்து, இங்கிலீஷில் எழுதிய தமிழர். அப்போது அவருக்கு வயது எண்பதை நெருங்கியிருந்தது. ஆறு வருஷம் அங்கத்தினராக இருந்தார். அந்த ஆறு வருஷத்தில் அவர் பேரைச் சொன்னதும் ஞாபகத்துக்கு வருவது ஒரே ஒரு விஷயம்: பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் புத்தகப் பை. அவருடைய கன்னிப் பிரசங்கம், 1989-ல் பேசியது, அதைப் பற்றித்தான்.

சிறிய பேச்சு. தூக்கம் தெளியுமுன் குழந்தையை இழுத்து எழுப்பி, உடை மாட்டி, பையை முதுகில் ஏற்றி அனுப்புவதில் ஆரம்பிக்கிறார். பை சுமந்து சுமந்து பிள்ளைகளுக்குக் கூன் விழுகிறது, கைகள் முன்னால் தொங்கச் சிம்பன்ஸி மாதிரி நடக்கிறார்கள் என்கிறார். நம் ஊர் வெயிலுக்குப் பூட்ஸும் டையும் எதற்கு என்று கேட்கிறார். அந்தப் பூட்ஸுக்குப் பாலிஷ் போடும் தாய்மாரையும் மறக்கவில்லை. சாயங்காலம் திரும்பி வந்தால் வீட்டுப்பாடம். விளையாட்டு இல்லை, கனவு காண நேரம் இல்லை. அவசரச் சட்டம் போட்டாவது புத்தகப் பையை ஒழித்துவிடுங்கள் என்கிறார்.

பட்ஜெட்டும் பாதுகாப்பும் அடிபடும் இடத்தில் ஒரு கிழவர் எழுந்து புத்தகப் பையைப் பற்றிப் பேசுவது சிரிப்புக்கு இடமான காரியம் என்று தோன்றலாம். எனக்கு அது பெரிய தைரியமாகத் தோன்றுகிறது. யேட்ஸைப் போல் அவர் யாருக்காகவும் மார் தட்டவில்லை. எந்தக் கட்சியையும் சாடவில்லை. குழந்தையின் முதுகுக்கு எதிர்க்கட்சி ஏது? அதோடு, அந்தப் பேச்சில் ஒரு கதாசிரியனின் கை தெரிகிறது. புள்ளி விவரம் சொல்ல வேண்டிய இடத்தில் அவர் ஒரு காலை நேரத்தைக் காட்டுகிறார். சிம்பன்ஸி உவமை கொஞ்சம் மிகைதான். ஆனால் அதைக் கேட்டவன் மறுநாள் தெருவில் ஒரு பிள்ளையைப் பார்த்தால் அந்த நடை கண்ணில் படாமல் போகாது.

இவ்வளவு புகழ்ந்த பிறகு என் குறையையும் சொல்லத்தான் வேண்டும். அவர் 1989-ல் பேசியபோது நான் இந்த ஊரில் மூன்றாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் முதுகில் கூன் விழுகிறதற்கு வழியே இல்லை. ஜவுளிக் கடையில் கொடுத்த மஞ்சப் பையில் ஒரு சிலேட்டு, இரண்டு புத்தகம், மத்தியானச் சோற்றுக்கு ஒரு தட்டு, அவ்வளவுதான் சுமை. பூட்ஸ் என்பதை நாங்கள் போலீஸ்காரர் காலில் பார்த்திருந்தோம். என்னோடு படித்தவர்களில் பலர் புத்தகம் இல்லாமலே வருவார்கள். நாராயணின் பேச்சில் வரும் குழந்தை பட்டணத்துக் குழந்தை, இங்கிலீஷ் பள்ளிக்கூடத்துக் குழந்தை. சுமை அதிகமாகி வாடியவனைப் பார்த்தவர், பையே காலியாக இருந்தவனைப் பார்க்கவில்லை.

ஆனால் பை காலியாக இருந்ததால் நாங்கள் சுகமாக இருந்தோமா? இல்லையே! வாய்ப்பாட்டை ராகம் போட்டு ஒப்பித்தோம். பதினாறாம் வாய்ப்பாடு எதற்கு என்று ஒருவரும் சொல்லவில்லை. வாத்தியார் ஒருவர் கணக்குப் போடச் சொல்லிக் கூப்பிட்டால் எனக்கு வயிற்றைக் கலக்கும். ஒரு நாள் அந்தப் பயத்தில் பள்ளிக்கூடம் போகாமல் ரயில்வே கேட்டில் உட்கார்ந்து மேட்டுப்பாளையம் போகிற வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அமத்தாவிடம் முதுகில் நாலு வாங்கியிருக்கிறேன். அந்தச் சுமையைத் தராசில் வைத்து நிறுக்க முடியாது.

வேடிக்கை என்னவென்றால், அந்த இன்னொரு சுமையை நாராயண் நன்றாக அறிந்தவர். 1935-ல் வெளிவந்த அவருடைய முதல் நாவல் 'சுவாமியும் சிநேகிதர்களும்'. அதில் அப்பா மகனுக்கு ஒரு கணக்குக் கொடுக்கிறார். ராமனிடம் பத்து மாம்பழம்; அவற்றை விற்றுப் பதினைந்து அணா சம்பாதிக்க நினைக்கிறான். கிருஷ்ணனுக்கு நாலு பழம் வேண்டும். எவ்வளவு கொடுப்பான்? சுவாமிநாதனுக்குக் கணக்கு ஓடவில்லை. பழம் பழுத்திருக்கிறதா என்பதுதான் அவனுக்குத் தெரிய வேண்டும். அது தெரியாமல் எப்படி விலை சொல்வது? அப்பாவுக்குக் கோபம் வருகிறது. கடைசியில் ஆறணா என்று சரியான விடையைச் சொல்லிவிட்டுப் பையன் அழுகிறான்.

சரியான விடை சொல்லிவிட்டு அழுகிற குழந்தை! நம் பள்ளிக்கூடத்தைப் பற்றி இதற்கு மேல் ஒருவர் என்ன சொல்லிவிட முடியும்? இத்தனைக்கும் அந்தக் கட்டத்தில் முதுகுச் சுமையைப் பற்றிப் பேச்சே இல்லை. ஆக, இருபத்தெட்டு இருபத்தொன்பது வயசில் எழுதிய நாவலில் தெரிந்த விஷயத்தில் பாதியைத்தான் எண்பது வயசில் சபைக்குக் கொண்டுபோனார். பை எல்லாருக்கும் விளங்கும். மாம்பழம் பழுத்ததா என்ற கேள்வியை மந்திரியிடம் எப்படிக் கேட்பது என்று எண்ணியிருக்கலாம். எண்ணினாரோ இல்லையோ, விட்டுப்போன பாதி பெரிய பாதி.

அந்தப் பாதியை வேறொருவர் நிரப்பினார். நாராயணின் பேச்சு எழுப்பிய கவலையின் தொடர்ச்சியாக, 1992-ல் மத்திய அரசு பௌதிக விஞ்ஞானி யஷ்பால் தலைமையில் ஒரு குழு அமைத்தது. 1993-ல் குழு அறிக்கை கொடுத்தது. புத்தகப் பையின் எடையைவிடப் பெரிய சுமை ஒன்று உண்டு, அது புரியாமல் படிக்கிற சுமை என்று அது சொல்லிற்று. இதைப் படித்தபோது எனக்குச் சுவாமிநாதனின் மாம்பழம்தான் ஞாபகத்துக்கு வந்தது. பட்டணத்துப் பூட்ஸ் பையனையும் மஞ்சப் பை தூக்கிய எங்களையும் அந்த ஒரு வாக்கியம் சேர்த்துவைக்கிறது. நாவலாசிரியர் சபையில் சொல்லாமல் விட்டதை ஒரு விஞ்ஞானி அறிக்கையில் எழுதியது எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருக்கிறது.

பிறகு நடந்ததைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. தமிழ்நாட்டில் 2012-13-ல் வருஷத்தை மூன்று பருவமாகப் பிரித்துப் புத்தகத்தை மெலிதாக்கினார்கள், நல்ல காரியம். 2018-ல் சென்னை உயர் நீதிமன்றம் பையின் எடை பிள்ளையின் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகக்கூடாது என்றது. ஒன்றாம், இரண்டாம் வகுப்புகளுக்கு வீட்டுப்பாடம் கூடாது என்றும் சொன்னது. 2020-ல் மத்திய அரசின் கொள்கையும் அதே பத்தில் ஒன்றைச் சொல்லிற்று. எல்லாம் எடை பற்றியவை. எடையை அளக்கலாம் அல்லவா?

இவ்வளவையும் தேங்காய் மண்டி நண்பரிடம் சொன்னேன். எழுத்தாளனுக்குச் சபையில் வேலை உண்டு என்று அவர் ஒப்புக்கொள்ளவில்லை. "நாவல்லயே பூராவும் சொல்லிட்டாருங்களே, அப்புறம் எதுக்குங்க பேசோணும்?" என்றார். நாவலைப் படிக்காத மந்திரிகளுக்காக என்றேன். சிரித்துவிட்டு, அந்தச் சமயம் பள்ளிக்கூடம் விட்டு வந்த தம் பேரனின் பையை வாங்கித் தேங்காய் நிறுக்கிற தராசில் வைத்தார். ஆறரைக் கிலோ. பையனையும் ஏற்றி நிறுத்தினார். இருபத்தி நாலு.

எனக்குச் சும்மா இருக்க முடியவில்லை. பையனை நிறுத்தி வைத்து ராமனின் பத்து மாம்பழக் கணக்கைப் போட்டேன். கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தான். "ஆறு அணா" என்றான். அழவில்லை. பையைத் திரும்ப மாட்டிக்கொண்டே என்னைக் கேட்டான்:

"அணான்னா என்னங்க மாமா?"